உள்ளே வர ஒரு வாசல்

பிப்ரவரி மாதக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: எங்கள் சேகரத்துக் குருவானவர் பிலிப்பா அம்மா, பீடத்துக்கு முன்னால் முக்காலி ஒன்றில். மணியடிப்போரின் தலைவர் ரெக் கேச்போல், கடைசிப் பெஞ்சில். பூ அலங்காரத்துக்குப் பொறுப்பான ஹெட்டி ஆல்டஸ், வலது பக்கம் முன்வரிசைக்கு அடுத்த பெஞ்சில். அது ஆல்டஸ் குடும்பத்துப் பெஞ்சு, அதன் முனையில் செதுக்கியிருக்கும் நாய்க்கு மூக்கு கிடையாது. சுவர் ஓவியங்களைப் பழுதுபார்க்க நகரத்திலிருந்து வந்திருந்த மிஸ் ஹால்பர்ட், எந்தப் பெஞ்சு யாருடையது என்று தெரியாததால் நடுவில் நின்றுகொண்டு. சேகரக் கமிட்டியின் செயலாளர் என்ற முறையில் நான், டெஸ்மண்ட் தர்லோ, தூணருகே. ஹெட்டியின் அண்ணன் கில்பர்ட் ஆல்டஸ், தெற்கு முகமண்டபத்தில், கதவுக்கு வெளியே, சக்கர நாற்காலியில்.

கமிட்டியில் இன்னும் சிலர் உண்டு. ஆடுகள் குட்டி போடும் காலம் என்பதால் அவர்கள் வரவில்லை.

வழக்கமாகக் கூட்டம் பிலிப்பா அம்மாவின் சமையலறையில், கேக்கும் தேநீருமாக நடக்கும். அன்று சுவரைப் பார்க்க வேண்டியிருந்ததால் ஆலயத்துக்குள் வைத்தோம். ஆலயத்துக்குள் வந்துவிட்டால் வெக்ஸ்லிங் ஊரார் அவரவர் குடும்பப் பெஞ்சில்தான் உட்காருவார்கள். ஒரு கை விரலில் எண்ணிவிடும் அளவே ஆட்கள் இருந்தாலும் அருகே வந்து உட்காருவதில்லை. ஆகையால் எல்லாரும் கத்திப் பேசினோம். கில்பர்ட் முழங்கால்மேல் கம்பளியைப் போட்டுக்கொண்டு வெளியிலிருந்து இன்னும் உரக்கக் கத்தினார்.

புனித போட்டல்ஃப் ஆலயத்துக்குள் இறங்கித்தான் போக வேண்டும். தெற்குப் பக்கம் முழுதும் கல்லறைகள். கட்டிய நாள் முதல் அந்தப் பக்கமே புதைத்துப் புதைத்து வெளியே நிலம் உயர்ந்துகொண்டு வந்தது. உள்ளே தரை இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. முகமண்டபத்தைத் தாண்டினால் நடுவில் குழிந்த கற்படிகள், படிகளின் காலடியில் ஞானஸ்நானத் தொட்டி. சாய்வுப் பாதை போட்டால் அது தொட்டியை மோதிக்கொண்டு பெஞ்சுகளுக்குள் போய் முடியும் என்று கட்டடக் கலைஞர் ஏற்கெனவே படம் வரைந்து காட்டிவிட்டார்.

கில்பர்ட்டின் டிராக்டர் கவிழ்ந்து அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போனபின், அவர் ஒரே ஒரு முறைதான் உள்ளே வந்திருக்கிறார். அது அவர் மனைவி நோராவின் அடக்க ஆராதனை. நான்கு ஆண்கள் அவரை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். கடைசிப் படியில் ஒருவரின் கை வழுக்க, நாற்காலி சாய்ந்தது. கம்பளி நழுவி விழுந்தது, கழுத்துப்பட்டி முகத்தின் மேல் ஏறிக்கொண்டது. துக்கத்துக்கு வந்திருந்த சபை முழுவதும் எழுந்து நின்று பார்த்தது. திரும்பவும் அதே நான்கு பேர் தூக்கி ஏற்றினார்கள். வெளியே வந்ததும் அவர் சொன்னது ஊருக்கே தெரியும்: "இனிமே என்னைத் தூக்கணும்னா நான் செத்த பெறகு தூக்குங்க."

அவருடைய ஒரே மகள் ரோவினாவுக்கு ஜூன் மாதம் கல்யாணம் குறித்திருந்தது. மகளுக்குப் பக்கத்தில், தன் சக்கரங்களைத் தானே தள்ளிக்கொண்டு, வாசலிலிருந்து பீடம் வரை போக வேண்டும் என்பது கில்பர்ட்டின் விருப்பம். முடியாவிட்டால் முகமண்டபத்திலேயே உட்கார்ந்து பார்ப்பாராம். அப்படியானால் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று ரோவினா சொல்லியிருந்தாள்.

அதனால்தான் வடக்கு வாசல் விஷயம் எழுந்தது. தெற்கு வாசலுக்கு நேர் எதிரே வடக்குச் சுவரில் பழைய வளைவு ஒன்று தெரியும். எந்தக் காலத்திலோ கல்லும் காரையும் வைத்து அடைத்துப் பூசிவிட்டார்கள். வடக்கே அதிகம் புதைக்கவில்லை, அங்கே நிலம் உள்தரையோடு சமம். அடைப்பை எடுத்தால் நாற்காலி உருண்டு வந்துவிடும். ஆலயத்தில் எதை மாற்றவும் திருமண்டல நீதிபதியின் அனுமதி வேண்டும், சென்ற கோடையிலேயே அவருக்கு மனு அனுப்பினோம். முதலில் பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்று பதில் வந்தது. அதற்காகத்தான் மிஸ் ஹால்பர்ட் சிறு கத்தியும் பஞ்சும் வைத்துக்கொண்டு சில வாரங்களாகச் சுண்ணாம்பைச் செதில் செதிலாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கால் கெடைச்சிருக்கு," என்றார் மிஸ் ஹால்பர்ட்.

"யாரோட கால்?" என்று வெளியிலிருந்து கில்பர்ட்.

"புனித கிறிஸ்தோபர். முழங்கால் வரைக்கும் ஆத்துக்குள்ள நிக்கிறார். சுத்தி மீனு. ஒரு விலாங்கு. ஒரு நண்டு."

"ஆத்துல ஏதும்மா நண்டு?" என்றார் ரெக். "வரைஞ்சவன் கடலோரத்து ஆளா இருப்பான்."

மிஸ் ஹால்பர்ட் விளக்கினார். வாசலை அடைத்தவர்கள் அடைப்பின்மேலேயே காரை பூசிப் படம் வரைந்திருக்கிறார்கள். தெற்கு வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் நேரே கண்ணில் படும்படி வரைவதுதான் அந்தக் காலத்து முறை. காலையில் அவரைப் பார்த்தவனுக்கு அன்றைக்கு அகால மரணம் இல்லை என்று நம்பினார்களாம். உடம்பும் தலையும் வளைவுக்கு மேலே சுவரில் இருக்க வேண்டும், இன்னும் சுண்ணாம்புக்குள். கால்களும் ஆறும் மீன்களும் அடைப்பின்மேல். வாசலைத் திறந்தால் அவை போய்விடும்.

"போனா போகுது," என்றாள் ஹெட்டி. "நானூறு வருஷமா சுண்ணாம்புக்குள்ள கெடந்தாரு. காணோம்னு நாம யாராவது தேடினமா? ஒருத்தர் கால் இல்லாம வெளியில குளிர்ல கெடக்கார், நீங்க சுவத்துல இருக்கிறவர் காலுக்கு அழறீங்க."

"நான் அழலை," என்றார் மிஸ் ஹால்பர்ட். "எழுதத்தான் போறேன். எடுக்கக் கூடாதுன்னு என் அறிக்கையில இருக்கும். அது என் வேலை."

"அந்த கிறிஸ்தோபர் யாரு?" என்று கில்பர்ட் கேட்டார். "ஆளைத் தோள்ல தூக்கிட்டு ஆத்தைத் தாண்டுறவர்தானே?"

"அவர்தான்."

"தூக்குறவன் ஒருத்தன் வந்து நின்னுக்கிட்டு, தூக்காதீங்கன்னு சொல்றவனுக்கு வழிய மறிக்கிறான். நல்லாருக்கு." அவர் சிரித்தது முகமண்டபத்தின் கூரையில் பட்டு எங்களுக்குக் கேட்டது. "டெஸ்மண்ட், எழுது. படம் இருந்தாலும் சரி, தெறக்கணும்னு எழுது. அந்த நீதிபதி இந்த அம்மா எழுதினதையும் படிக்கட்டும், நாம எழுதினதையும் படிக்கட்டும்."

பிலிப்பா அம்மா கை தூக்கச் சொன்னார். ஹெட்டி தூக்கினாள். ரெக் பாதி தூக்கினார். பிலிப்பா அம்மா மிஸ் ஹால்பர்ட்டைப் பார்த்துவிட்டுத் தூக்கினார். மனுவை வலியுறுத்துவது என்று குறித்துக்கொண்டேன். எதிர்ப்பறிக்கை இருந்தால் தீர்ப்பு வர அடுத்த வருஷமாகிவிடும் என்பதையும் எல்லாரும் அறிந்திருந்தோம். அதை யாரும் கத்திச் சொல்லவில்லை.

அப்போது மிஸ் ஹால்பர்ட் பொருட்களைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே கேட்டார்: "கோபுரத்துக்கு அடியில மேற்குப் பக்கமா ஒரு கதவு இருக்கே. ஏணி கொண்டு வரும்போது வெளியேயிருந்து பார்த்தேன். அங்க படியே இல்லை. அது ஏன் ஆகாது?"

கேள்வியை எழுதிவிட்டுப் பதிலுக்கு இடம் விட்டேன்.

"அது வாசல் இல்லை," என்றார் ரெக்.

"கதவு இருக்கு. கீல் இருக்கு. பெரிய தாழ்ப்பாள் வேற."

"எல்லாம் இருக்கும்மா. ஆனா அது வாசல் இல்லை. அது பெட்டி வாசல்."

வெக்ஸ்லிங்கில் இறந்தவரின் பெட்டி தெற்கு வாசலால் உள்ளே வரும், மேற்குக் கதவால் வெளியே போகும். பெட்டியும் அதைத் தூக்குகிறவர்களும் மட்டும். மற்றவர்கள் தெற்கே படியேறி, சுற்றிக்கொண்டு குழியருகே போய்ச் சேர்ந்துகொள்வார்கள். பெட்டி போனதும் கதவைச் சாத்தித் தாழிட்டுவிடுவார்கள். அதன் வழியாக யாரும் உள்ளே வந்ததில்லை. வரக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவுமில்லை. ரெக்கும் அவருடைய ஆட்களும் வாரந்தோறும் அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் கயிறு இழுக்கிறார்கள். அவர்களும் படியிறங்கியே வருகிறார்கள். கட்டடக் கலைஞருக்கு ஆலயத்தைச் சுற்றிக் காட்டியபோது நாங்கள் அதைக் காட்டவில்லை. மறைத்தோம் என்றில்லை. வாசல்களை எண்ணும்போது அது கணக்கில் வருவதில்லை, அவ்வளவுதான்.

பிலிப்பா அம்மா வேறு ஊரிலிருந்து வந்தவர். "நான் வந்த புதுசுல கேட்டேன்," என்றார். "இங்க இப்படித்தாம்மான்னு சொன்னாங்க. விட்டுட்டேன்."

மிஸ் ஹால்பர்ட் வாசல் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் ஆல்டஸ், உங்க மனைவியை அந்த வழியாவா கொண்டுபோனாங்க?"

"ஆமா."

"அன்னைக்கு உங்களை எப்படி வெளிய கொண்டுவந்தாங்க?"

"தூக்கிட்டு."

"அந்தக் கதவு தெறந்து கெடக்கும்போதா?"

தூக்கிய நான்கு பேரில் ரெக்கும் ஒருவர். அவர் தொப்பியை எடுத்து, உள்பக்கம் பார்த்து, மறுபடி வைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் வெளியே சரளைக்கல்லில் சக்கரங்கள் திரும்பும் சத்தம் கேட்டது. கூட்டம் முடிந்ததாக எழுதினேன்.

அடுத்த வாரம், வலியுறுத்தும் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு கில்பர்ட் வீட்டுக்குப் போனேன். கையெழுத்துப் போட வேண்டியவர்களில் அவரும் ஒருவர். சமையலறையில் ஹெட்டி புளிப்பான ருபார்ப் கீரைத்தண்டுகளை நறுக்கிக்கொண்டிருந்தாள். ரோவினா வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். அவள் கால்நடை மருத்துவரிடம் உதவியாளர், சட்டையெல்லாம் நாய் முடி.

கில்பர்ட் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா எழுதியிருக்க. இடிக்கிறதைக்கூட இவ்வளவு மரியாதையா எழுத உனக்குத்தான் வரும்."

"கையெழுத்து?"

"இரு."

"என்ன இரு?" என்றாள் ஹெட்டி. "போடுங்கண்ணே. அந்தப் பொண்ணு சொன்னதைக் கேட்டு மனசைக் கொழப்பிக்காதீங்க. அவ இந்த ஊரா? நாளைக்கு வேலை முடிஞ்சா ஏணியத் தூக்கிட்டுப் போயிடுவா."

"அவ கேட்டது சரிதானே ஹெட்டி."

"என்ன சரி? கல்யாணப் பொண்ணைப் பெட்டி போற வழியா கூட்டிட்டு வருவீங்களா? நோரா போன வழி அது."

"அத்தை," என்றாள் ரோவினா, "அம்மா போனதுக்கு அந்தக் கதவு என்ன செஞ்சுது?"

"நீ சும்மா இரு. ஒனக்கு எல்லாம் வெளயாட்டு. அந்த வழியா உள்ள வர்றவன்தான் அடுத்தாப்ல அந்த வழியா வெளிய போவான்னு ஊர்ல சொல்வாங்க."

"யாரும் வந்ததே இல்லையே, அப்புறம் எப்படிச் சொல்வாங்க?"

ஹெட்டி கத்தியைக் கீழே வைத்தாள். "வந்ததில்லைங்கிறதாலதான் சொல்வாங்க."

கில்பர்ட் ஒரு ருபார்ப் துண்டை எடுத்துச் சர்க்கரையில் தொட்டுக் கடித்தார். "எப்படியும் ஒருநாள் நான் அந்த வழியாத்தான் போகணும், ஹெட்டி. முன்னாடியே ஒருதரம் வந்து பாத்துட்டா வழி தெரிஞ்ச மாதிரி இருக்கும்."

"பேச்சைப் பாரு."

"எனக்கு அது இல்லை கஷ்டம்," என்றார் கில்பர்ட். என்னைப் பார்த்துத்தான் பேசினார். "சாத்தான் வெளிய போறதுக்குன்னு வடக்க ஒரு வாசல் வச்சிருந்தாங்கன்னு எங்க அப்பா சொல்வாரு. கொழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கறப்போ தெறந்து விடுவாங்களாம். செத்தவனுக்கு மேற்க ஒரு வாசல். நடக்குறவனுக்குத் தெற்க ஒண்ணு. இப்போ நான் அந்த மேற்கால வந்தா என்ன ஆகும்? ஊரெல்லாம் தெற்கால எறங்கி வந்து உக்காந்திருக்கும். நான் ஒருத்தன் மட்டும் பெட்டி வாசல்ல வருவேன். பாதி செத்தவன், பெட்டி வாசலுக்கு உரியவன்னு பாக்கும். அதுக்கு அந்த நாலு பேரு கையில தொங்கிட்டே வந்துடலாம்."

"அப்போ என்னதாம்பா வேணும் உங்களுக்கு?" என்றாள் ரோவினா.

"நான் ஒருத்தன் வந்தா அது பெட்டி வாசல்தான். எல்லாரும் வந்தா வாசல்."

அவர் கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார். மார்ச் கூட்டம் வரை வைத்திருக்கச் சொன்னார். ஹெட்டி ருபார்ப்பை அடுப்பில் ஏற்றினாள். அதற்கப்புறம் பேசியதெல்லாம் கல்யாணச் சாப்பாட்டுக்குப் பன்றித்தொடையா கோழியா என்பதைப் பற்றி.

மார்ச் மாதக் கூட்டம் ஒரு சனிக்கிழமை பிற்பகலில், மறுபடியும் ஆலயத்துக்குள். அன்று கில்பர்ட் சொன்னபடி ரெக் முன்னதாகவே வந்து கயிறுகளைச் சுருட்டி மேலே கட்டிவிட்டுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நோராவுக்குப் பிறகு கதவைத் திறக்க வேண்டி வரவில்லை. மரம் ஊதிப் பிடித்துக்கொண்டிருந்தது. தோளால் இரண்டு மூன்று முறை மோதியபின் வெளிச்சம் உள்ளே வந்தது. கூடவே காய்ந்த இலைகளும்.

ஆலயத்தை ஒட்டிய சந்திலிருந்து அந்தக் கதவுக்குப் பாதை கிடையாது, புல் மட்டும். பெட்டியைத் தோளில் சுமப்பவர்களுக்குப் பாதை எதற்கு? ரோவினா ஆட்டுக்கொட்டகையிலிருந்து பலகைகளைக் கொண்டுவந்து புல்மேல் வரிசையாகப் போட்டாள். கில்பர்ட் அவற்றின்மேல் உருண்டு வந்தார். ஒரு பலகை சேற்றில் இறங்கியபோது ரோவினா கையை நீட்டினாள். அவர் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டாள். பின்னால் போய், வேகம் எடுத்து வந்து, பலகையைத் தாண்டினார். கதவு நிலையில் சக்கரத்துக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருந்தது. விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு தள்ளினார். வந்துவிட்டார்.

கோபுரத்துக்கு அடியில் நின்று மேலே கயிற்றுத் துளைகளை அண்ணாந்து பார்த்தார்.

"ரெக், இங்க என்ன இவ்வளவு ஒட்டடை? மணியடிக்கிறீங்களா, சிலந்தி வளக்கிறீங்களா?"

"வாடா வா," என்றார் ரெக். "வந்ததும் வராததுமா கொற சொல்ல ஆரம்பிச்சிட்டியா." துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கில்பர்ட் நடுவழியாக உருண்டு, ஞானஸ்நானத் தொட்டியருகே நின்று வடக்குச் சுவரைப் பார்த்தார். மிஸ் ஹால்பர்ட் சாரத்தின்மேல் இருந்தார். இதற்குள் புனிதரின் தாடியும் ஒரு கண்ணும் வெளியே வந்திருந்தன. தோளின்மேல் அவர் சுமக்கும் குழந்தை இயேசுவின் பாதம் மட்டும் தெரிந்தது.

"நண்டு எங்கம்மா?"

மிஸ் ஹால்பர்ட் தூரிகைக் காம்பால் காட்டினார். கில்பர்ட் அருகே போய்க் குனிந்து பார்த்தார். "நண்டுதான்," என்றார்.

கமிட்டியார் வழக்கம்போல் தெற்கே படியிறங்கி வந்து அவரவர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஆட்டுவேலை ஓய்ந்ததால் இம்முறை பெட்டிட் தம்பதியரும் வந்திருந்தார்கள். எல்லாரும் கில்பர்ட் உள்ளே இருப்பதைக் கண்டார்கள், திறந்து கிடந்த மேற்குக் கதவையும் கண்டார்கள், குளிரைப் பற்றிப் பேசினார்கள்.

பிலிப்பா அம்மா ஜெபம் செய்து முடித்ததும் கில்பர்ட் பேசினார். நீளமாகப் பேசவில்லை. "எல்லாரும் எந்திரிச்சு வெளிய போங்க. சுத்திக்கிட்டு அந்தக் கதவால வாங்க. வந்தா வடக்கு வாசல் மனுவை வாபஸ் வாங்கிக்கலாம், இந்தக் கிறிஸ்தோபர் காலோட இருக்கட்டும். கல்யாணத்தன்னைக்கும் அதுக்கப்புறமும் எல்லாருக்கும் அதுதான் வாசல். வரமாட்டீங்கன்னா டெஸ்மண்ட் பையில ஒரு கடிதம் தயாரா இருக்கு."

முதலில் எழுந்தவர் பிலிப்பா அம்மா. பின்னால் நான் போனேன். மேற்குப் பக்கத்தில் பலகைமேல் நின்றபோது, உள்ளேயிருந்தே எப்போதும் பார்த்த கதவு வெளியேயிருந்து வேறு எவருடைய வீட்டுக் கதவோ மாதிரி இருந்தது. பெட்டிட் தம்பதியர் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். பெட்டிட் தொப்பியைக் கழற்றினார், பிறகு ஏன் கழற்றினோம் என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டார்.

ரெக் சுற்றிப் போகாமல் அந்தக் கதவாலேயே வெளியே போனார், புல்லில் நின்றார், திரும்ப வரவில்லை.

"என்ன ரெக்?" என்று உள்ளேயிருந்து கில்பர்ட்.

"இருடா."

"உள்ள வர ஒனக்கும் நாலு பேரு வேணுமா?"

ரெக் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். பிலிப்பா அம்மா கேட்காததுபோல் இருந்தார். ரெக் வந்தார்.

ஹெட்டி பெஞ்சை விட்டு அசையவில்லை.

"நான் ஏற்கெனவே உள்ளதான் இருக்கேன்," என்றாள். "உள்ள இருக்கிறவ எதுக்கு வெளிய போயிட்டு உள்ள வரணும்? எங்க அம்மாவை அந்த வழியா அனுப்பினோம். அப்பாவை அனுப்பினோம். நோராவை அனுப்பினோம். அவங்க போன வழியில நான் பூக்கூடைய எடுத்துக்கிட்டு எதிர்த்தாப்ல வரணுமா?"

"ஆமா," என்றார் கில்பர்ட்.

"மாட்டேன்."

"சரி." அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "அந்தக் கடிதத்தை எடு டெஸ்மண்ட். வடக்கையே இடிக்கட்டும்."

சாரத்தின்மேல் மிஸ் ஹால்பர்ட் கையை நிறுத்திவிட்டார். நான் பையைத் திறந்து கடிதத்தை எடுத்தேன், பேனாவையும் எடுத்தேன். கில்பர்ட் பேனாவை வாங்கிக்கொண்டார். ஹெட்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தண்ணீர் வாளியையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு படியேறித் தெற்கு வாசலால் வெளியே போனாள். கதவைச் சாத்தினாள். அந்தக் கதவை மெல்லச் சாத்த முடியாது, ஆனால் அவள் முயலவும் இல்லை.

"வீட்டுக்குப் போயிட்டா," என்றார் ரெக்.

கில்பர்ட் கடிதத்தை முழங்கால்மேல் விரித்து வைத்தார். கையெழுத்துப் போடும் இடத்தைப் பேனா முனையால் தேடினார். போடவில்லை. நாங்கள் அவரவர் பெஞ்சில் உட்கார்ந்து அவரைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பெட்டிட்டின் மனைவி இருமல் மாத்திரையைத் தாளிலிருந்து பிரிக்கும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"ரெக்!"

கோபுரத்துக்குக் கீழேயிருந்து வந்தது குரல். ரெக் துள்ளி எழுந்தார்.

"இந்த நெலையில ஒரு ஆணி நீட்டிக்கிட்டு நிக்குது. ரோவினா கவுன் இதுல மாட்டினா அவ்வளவுதான், பீடம் வரைக்கும் கிழிச்சுக்கிட்டுப் போவா. பிடுங்கு. அப்புறம் இந்தப் புல்லு. பலகை மேல கல்யாணப் பொண்ணு நடப்பாளா? ஏதாவது பாதை போடச் சொல்லு. எல்லாத்தையும் நானே சொல்லணுமா?"

ஹெட்டி வாளியோடு உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல், ஆல்டஸ் பெஞ்சில் உட்கார்ந்தாள். காலணி முழுக்கச் சேறு. கில்பர்ட் கடிதத்தை மடித்தார், பிறகு கிழித்தார். ரெக் ஆணியைப் பிடுங்கக் குறடு தேடப் போனார்.

புதிய கடிதத்தின் வாசகத்தை அங்கேயே தீர்மானித்தோம். வடக்கு வாசல் மனுவைத் திரும்பப் பெறுகிறோம். சந்திலிருந்து மேற்கு வாசல்வரை கெட்டியான பாதை ஒன்று போட அனுமதி வேண்டுகிறோம். ஜூன் மாதத்துக்குள் அனுமதி கிடைக்காவிட்டால் தற்காலிகமாகப் பாய் விரிக்க அனுமதியாவது தர வேண்டும். நான் எழுதிய முதல் வரியில் "உடல் இயலாத சகோதரர் ஒருவரின் வசதிக்காக" என்று இருந்தது. கில்பர்ட் அதை அடித்துவிட்டு "சபையாருக்காக" என்று எழுதினார்.

ரெக்குக்கு இரண்டு கவலைகள். மணப்பெண் வந்து இறங்கியதிலிருந்து உள்ளே நுழையும்வரை மணி ஒலிப்பது வழக்கம். இனி அவள் கயிறுகளுக்கு நடுவே வர வேண்டும். "பொண்ணு சந்துல எறங்குற வரைக்கும் அடிக்கிறோம், அப்புறம் கட்டிடுறோம்," என்று தானே முடிவு சொன்னார். "பாதை முழுக்கச் சத்தமில்லாம வருவா. எனக்குப் பிடிக்கல. ஆனா செய்றேன்." இன்னொன்று, இனிமேல் பெட்டி எந்த வழியாகப் போகும் என்பது.

"அதே வழியா போகட்டும்," என்றார் கில்பர்ட். "எதிர்க்க வந்தா ஒதுங்கி நிப்போம்."

அதைக் கடிதத்தில் எழுத வேண்டியதில்லை என்று பிலிப்பா அம்மா சொன்னார். எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் தட்டச்சு செய்தேன். நகல் ஒன்றை எடுத்து வைத்தேன். திங்கள்கிழமை காலையில் பிலிப்பா அம்மாவிடமும் ரெக்கிடமும் கையெழுத்து வாங்கினேன். கில்பர்ட் தன் வயல் கேட்டிலேயே, கோழித்தீவன மூட்டையின்மேல் வைத்துப் போட்டார். மிஸ் ஹால்பர்ட் தன் அறிக்கையையும் கூட வைக்கக் கொடுத்தார், அதில் நண்டின் படமும் இருந்தது. உறை தடித்துவிட்டது. ஒட்டும் இடத்தை நாக்கால் ஈரமாக்கி அழுத்தினேன், அது பிரிந்தது, மேலே ஒரு நாடாவை ஒட்டினேன். முகவரியை மறுபடி சரிபார்த்தேன். தபால்தலை ஒன்றைக் கூடுதலாகவே ஒட்டினேன்.

கல்லறைத் தோட்டத்துச் சுவரில் பதித்த தபால்பெட்டியின் வாய் சிறியது. தபால்காரர் வண்டியை நிறுத்தியபோது நான் உறையைத் திணித்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு பைக்குள் போட்டார். வண்டி திருமண்டல நகரத்துச் சாலையில் திரும்பியது.